கண்ணையன் மூணு

இளவரசி வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாயின் மேல் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே காலையில் இரண்டு கலைமதி வருவார்கள், மூன்று பிரவீன்குமார் வருவார்கள். அதனால் பெயர், வயது, ஒரு நம்பர் என்று மூன்றும் இருக்க வேண்டும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. குழாய்கள் பேசுவதில்லை. அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. உயிர்வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு விழுப்புரத்தில் கிடைத்த வேலை இது. மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள்.

அவள் படித்த பள்ளி திண்டிவனத்தில் இருந்தது. அவளுடைய அப்பா கண்ணையனும் அதே பள்ளிதான். பள்ளிக்கு எழுபத்தைந்து வயதாகிறது, பவள விழா மலர் போடப்போகிறோம், தமிழில் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று விழாக் குழுவின் தலைவர் கோகுலகிருஷ்ணன் தேடியபோது யாரோ அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை.

கோகுலகிருஷ்ணனுக்குத் திண்டிவனத்தில் மருந்துக்கடை. அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில், மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவளுடைய மடிக்கணினிக்கு இடம் செய்து கொடுத்தார்.

"பேரு வாங்கின பழைய மாணவர்னு நாலு பக்கம் வுட்டிருக்குது பாப்பா. அதுல ஒரு பக்கம் பூரா கண்ணையன்தான்."

"ஒரு பக்கமாங்க சார்?"

"சாரெல்லாம் வாணாம், மாமான்னு கூப்புடு. உங்கப்பங்கூட அடிவாங்குனவன் நானு. எங்க கிளாஸ்ல மூணு கண்ணையன். அதுல ரெண்டு பேருக்கு அப்பன் பேரும் வீரமுத்து. இனிஷியல் போட்டும் பிரயோஜனமில்ல. சவுரிராயன் சார்னு டிரில் மாஸ்டர், அவருதான் பேஜாரு புடிச்சிப் போயி நம்பர் போட்டாரு. கண்ணையன் ஒண்ணு, கண்ணையன் ரெண்டு, கண்ணையன் மூணு. அட்டெண்டன்ஸ்ல கூட அப்டித்தான் கூப்புடுவாங்க. வாத்தியாரு 'ரெண்டு' அப்டீம்பாரு, அவன் 'உள்ளேன் ஐயா'ம்பான். புதுசா வந்த கணக்கு சார் மெரண்டுட்டாரு."

இளவரசி சிரித்தாள். அப்பா இதை ஒருநாளும் சொன்னதில்லை.

"எழுதிக்கோ. கண்ணையன் ஒண்ணு, மெட்ராஸ்ல கிட்னி டாக்டரு. கண்ணையன் ரெண்டு, விழுப்புரத்துல பி.டி. மாஸ்டரு. அவங்கிட்ட ஓடுன பொண்ணுங்க மூணு பேரு ஸ்டேட் மெடல் வாங்கிட்டாங்க. அப்புறம் எங்களுக்கு முன்னாடி படிச்சவரு ஒருத்தர், கண்ணையன்னு, பஞ்சாயத்து தலைவரா இருந்து ஏரி தூர் வாருனாரே, அவரு. திண்டிவனத்துல ஒரு கண்ணையன் சந்து, மரக்காணம் ரோட்ல கண்ணையன் தோப்புன்னு ஒரு ஸ்டாப்பிங். அதுக்கும் நம்ம பசங்களுக்கும் சம்பந்தமில்ல, இருந்தாலும் கீழ சின்ன எழுத்துல போட்டு வை, படிக்கிறவன் சிரிப்பான்."

அவள் தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, பலகையில இருக்கறவரு?"

பள்ளியின் பெரிய ஹாலில், மேடைக்கு இடப்பக்கம் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கும். அதில் வெள்ளை வண்ணத்தில் எழுதிய வரிகளில் ஒன்று: 1988 – மாவட்ட முதலிடம் – 1500 மீட்டர் ஓட்டம் – வீ. கண்ணையன். ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வந்த அன்று அம்மா அவளை அதன் முன்னால் நிறுத்தி, "பாத்தியா, உங்கப்பா பேரு" என்று காட்டினாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் இளவரசி அந்தப் பலகையின் கீழேதான் வளர்ந்தாள். வாய்மொழித் தேர்வுக்குப் போகுமுன், பேச்சுப்போட்டியில் பேர் கொடுத்துவிட்டு மேடைக்குக் கீழே நின்றபோது, சைக்கிளைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தபோது எல்லாம் ஒருமுறை நிமிர்ந்து அந்த வரியைப் பார்த்துக்கொள்வாள். அப்பாவிடம் கேட்டால் "ம்" என்பார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

"அது ரெண்டு" என்றார் கோகுலகிருஷ்ணன், குளிர்பெட்டியிலிருந்து இன்சுலின் எடுத்துக்கொண்டே. "பி.டி. மாஸ்டரு. அதுலதான அவனுக்கு காலேஜ் சீட்டு கெடச்சுது."

"எங்கப்பா இல்லீங்களா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "உங்கப்பனா? அவன் மூணு பாப்பா. கடைசி பஸ்ஸ புடிக்கத்தான் ஓடுவான்." சொல்லிவிட்டுச் சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "மேடையில ரெண்டுக்கு சால்வ போடறோம். நீ எதுக்கும் அவன நேர்ல பாத்து விவரம் வாங்கிக்கோ. விழுப்புரத்துலதான வேலை செய்யற."

அடுத்த இரண்டு நாளும் அவள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. மலர் அச்சுக்குப் போக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

புதன்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து, ஆறரை மணிக்கெல்லாம் விழுப்புரத்தில் அந்த மைதானத்துக்குப் போய்விட்டாள். எட்டுப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு. கன்னத்திலும் நெற்றியிலும் அம்மைத் தழும்புகள். மலருக்காக வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். இத்தனை வருட சர்வீஸ், இன்ன இன்ன பதக்கம், மெடல் வாங்கிய பெண்களின் பெயர்கள். பெண்களின் பெயரைச் சொல்லும்போது மட்டும் எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

"நீ எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அப்பா பேரு?"

"கண்ணையன்ங்க சார். உங்க கிளாஸ்தான். மூணு."

ஓடி முடித்து மூச்சிரைக்க வந்து நின்ற பெண்களிடம் அவர் நேரம் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு ரவுண்டு" என்றார்.

"சார், அவ்ளோதான்னு சொன்னீங்களே சார்."

"போங்க. மெதுவா போங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பா சொல்லி அனுப்பினானா?"

"இல்லீங்க சார். அவருக்குத் தெரியாது."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ப்ளஸ் ஒன் படிக்கும்போது நடந்தது. அப்போதெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம், போட்டி கடலூரில். பள்ளியில் ஓட்டத்துக்குத் தேர்வானவர் அவர்தான். வயதுச் சான்றோடு விண்ணப்பமும் போய்விட்டது. பொங்கல் லீவுக்கு மரக்காணம் பக்கத்திலிருக்கும் தன் மீனவக் குப்பத்துக்குப் போனவருக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். இனி தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டை விட்டு வெளியே போக முடியாது.

"சவுரிராயன் சாரு என்னக் கூட்டிக்கினு போவ குப்பத்துக்கே வந்தாரு. வேப்பிலையப் பாத்துட்டு அப்டியே திரும்பிட்டாரு. நேரா உங்க ஊருக்குப் போயி உங்கப்பனக் கூட்டிக்கினு போயிட்டாரு. பேரும் ஒண்ணு, அப்பன் பேரும் ஒண்ணு, யாரு கேக்கப் போறான்னு. அவன் அதுக்கு முன்னாடி ஒரு போட்டியிலயும் ஓடுனதில்ல. ஃபர்ஸ்ட் வந்துட்டான்."

அப்படியானால் பலகையில் இருப்பது அப்பாதான்.

"ஒரு மாசம் கழிச்சி சர்டிபிகேட் வந்துச்சி. அதுல என்னோட பொறந்த தேதி. லீவுல நடந்ததால கிளாஸ்ல ஒருத்தனுக்கும் தெரியல. சாரு ப்ரேயர்ல என்னக் கூப்ட்டுக் குடுத்துட்டாரு. நான் மத்தியானம் எடுத்துக்கினு போயி 'இது உன்துடா'ன்னு நீட்டுனேன். அவன் கைய பின்னாடி கட்டிக்கினான். 'உன் தேதிதான போட்டிருக்கு, வச்சுக்கோ, எனக்கு இன்னாத்துக்கு'ன்னான். வாங்கிக் கூடப் பாக்கல."

"அப்புறம் சார்?"

"அத்த வச்சித்தான் உடற்கல்வி காலேஜ்ல சீட்டு வாங்கினேன். எங்க வீட்ல அப்ப ஒரு வலை கூட சொந்தமா இல்லம்மா. சீட்டு கெடச்ச அன்னிக்கு சந்தோஷமா அவங்கிட்டச் சொல்லத்தான் கெளம்பினேன். மயிலத்துல பஸ்ஸ விட்டு எறங்கி நின்னேன். கால் வரல. அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். அவ்ளோதான். அதுலேர்ந்து அவன் மொகத்துல முழிக்கல."

பெண்கள் இரண்டாவது சுற்றில் வந்துகொண்டிருந்தார்கள்.

"நீ எழுது. உள்ளது எதுவோ அதையே எழுது. எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்குது. யாராவது புகார் எழுதிப் போட்டா விசாரணை வரும். வரட்டும்." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "முப்பத்தேழு வருஷம் ஆச்சி. இனிமே நான் இன்னா சொல்றது, நீயே பாத்து எழுதும்மா."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அவள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'வீ. கண்ணையன், விவசாயி. 1988ஆம் ஆண்டு மாவட்ட அளவில் முதலிடம்' என்று எழுதிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இந்த வரி அச்சில் வந்தால் அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவார்கள். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவர் மேடை ஏறுவார். ஆனால் காலையில் ஓடிக்கொண்டிருந்த அந்த எட்டுப் பெண்களும் மாஸ்டர் இல்லாமல் நிற்பதை நினைத்தால் எழுத வரவில்லை. அழித்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் மறுபடி எழுதினாள். பஸ் மாறக் கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது அழித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் அப்பா விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கோணியில் பரப்பிச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பரிமளா பக்கத்தில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். இளவரசி செருப்பைக் கழற்றாமலே நின்று சொன்னாள்.

"அப்பா, பி.டி. சாரப் பாத்தேன். ரெண்டு."

அப்பாவின் கை நின்றது. "அவன இன்னாத்துக்குப் போய்ப் பாத்த?"

"மலருக்கு. எல்லாம் சொன்னாரு."

"அவனுக்கு வேற வேலையில்ல." குனிந்து மறுபடி பொறுக்க ஆரம்பித்தார். ஆனால் நல்ல பருப்பையும் சொத்தையோடு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கவனித்து அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னா சொன்னான்? யாரு அது ரெண்டு?" என்றாள் அம்மா.

இளவரசி சொன்னாள். அம்மா முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஓடுனது இவருதான?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப நான் சொன்னதுல தப்பில்ல. பலகையப் பாத்ததுலேர்ந்து ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். போடு. பேர போட்டு, போட்டோவும் போடு."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

பிறகு அவராகவே பேசினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"கடலூரு கிரவுண்டுல சுண்ணாம்புல கோடு போட்டிருந்தாங்க. நான் அதுக்கு முன்னாடி அத்த பாத்ததில்ல. கோட்ட மிதிச்சா அவுட்டுன்னு நெனச்சிக்கினேன். குனிஞ்சி கோட்டயே பாத்துக்கினு ஓடுனேன். பக்கத்துல யாரு வர்றான், முன்னாடி யாரு போறான், ஒண்ணும் தெரியல. எத்தன சுத்துன்னும் எனக்கு ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் நின்னுட்டாங்க, நான் ஓடிக்கினே இருக்கேன். சவுரிராயன் சாரு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு பின்னாடியே ஓடி வர்றாரு. 'டேய் மூணு, முடிஞ்சிபோச்சிடா, நில்றா'ன்னு. பேருக்கு ரெண்டா வந்திருக்கேன், அவரு மூணுன்னு கத்தறாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் சிரித்தார்.

"ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

"இன்னான்னு சொல்றது? உங்கம்மா பலகையக் காட்னா. ஆமான்னு சொன்னா அவன் பேரு கெடும். இல்லன்னு சொன்னா பொய்யி."

"மலர்ல போடட்டுமா வேணாமா?"

"போட்டா அவன் வேலைக்கு ஆபத்து வருமா?"

"வரலாம்ப்பா."

"அப்புறம் கேக்கற." அவர் கோணியின் ஓரத்தைச் சரிசெய்தார். "அஞ்சு வருஷம் ஒரே பெஞ்சு. ஹாஸ்டல் சாப்பாடு அவனுக்கு எறங்காது, கருவாட்டக் காயிதத்துல சுருட்டிக்கினு வருவான். நான் வேகவச்ச மல்லாட்ட கொண்டு போவேன். ரெண்டுத்தயும் ஒண்ணா வச்சித் தின்னுவோம். அந்தச் சீட்டு கெடச்சதும் போனவன்தான். இவ்ளோ பக்கத்துல விழுப்புரத்துல இருக்கான். நான் கலெக்டர் ஆபீஸுக்குப் பட்டா வேலையா எத்தினி வாட்டி போயிருக்கேன். தூரத்துல பாத்தா சந்துல பூந்துடுவான். இப்டி ஆவும்னு தெரிஞ்சிருந்தா அவன் நீட்டுனப்பவே அந்தச் சர்டிபிகேட்ட வாங்கியிருப்பேன். கிழிச்சிப் போட்டிருப்பேன்."

அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள்.

இளவரசி தானாக யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை. வேலை இடத்தில்கூட முடிவு தயார் என்பதைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்புவாள். அன்று கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பி.டி. மாஸ்டரின் எண்ணை அழுத்தினாள்.

"சார், இளவரசி பேசறேன். மூணோட பொண்ணு."

"சொல்லும்மா."

"மலர்ல நான் அதப் பத்தி எதுவும் எழுதப் போறதில்லீங்க. உங்க பேருக்குக் கீழ உங்ககிட்ட ஓடுன அக்காங்க மெடல மட்டும் போடறேன். எண்பத்தெட்டு வரி வராது. அது எங்கப்பாவோடது. அவருக்கும் போடல."

"சரிம்மா. அதான் சரி. சால்வையும் வாணாம்னு கோகுலுகிட்டச் சொல்லிடறேன்." அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இன்னொண்ணு சார்." வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். "நீங்க எங்க வீட்டுக்கு வரணும். எங்கப்பாவுக்கு அந்தச் சர்டிபிகேட் போனதுல வருத்தமில்ல. நீங்க வராததுலதான் வருத்தம். மயிலத்துல எறங்கி திரும்பிப் போவாதீங்க. நான் ஸ்டாப்பிங்ல வந்து நிக்கறேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றார்.

கோகுலகிருஷ்ணன் மறுநாளே போன் செய்து கத்தினார். "எண்பத்தெட்டு எங்க போச்சி பாப்பா? சால்வையும் வாணாங்கறான் அவன். இன்னா நடக்குது இங்க?" அவள், "பலகையில இருக்குதுங்களே மாமா, மலர்ல எதுக்கு" என்றாள். அவர் முனகினார். அந்த இடத்தில் கண்ணையன் தோப்பைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டு நிரப்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் பி.டி. மாஸ்டர் வந்து இறங்கினார். தொப்பி இல்லை. கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு பழைய ஃபைல் பை. வீடுவரை அவர் எட்டி எட்டி நடந்தார். அவளால் கூட நடக்க முடியவில்லை.

அப்பா வாசலில்தான் இருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார், பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இருவரும் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சி" என்றார் அப்பா.

"உனக்கு மட்டும் இன்னா, தலையில ஒண்ணையும் காணோம்."

"நெழலுக்கு வா."

கட்டிலில் உட்கார்ந்தார்கள். துணிப்பையை அம்மா வாங்கிப் பிரித்தாள். நாலு காகிதம் சுற்றியும் கருவாட்டு வாசம் வெளியே வந்தது. அம்மா அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். பி.டி. மாஸ்டர் ஃபைல் பையைத் திறந்து, கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்த சான்றிதழை எடுத்தார். மஞ்சளாகிப்போன தாள். அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது, கண்ணைச் சுருக்கினார்.

"டைமு எதுனா போட்டிருக்குதா?" என்றார்.

"போட்டிருக்குது. உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னாங்க? சாரு நில்றா நில்றான்னுதான் கத்துனாரு."

பி.டி. மாஸ்டர் தாளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். "நாலு நிமிஷம், முப்பத்தோரு செகண்டு."

அப்பா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது நல்லதா?"

"டேய்." பி.டி. மாஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வெறுங்கால்ல, மண்ணுல, குனிஞ்சிக்கினு ஓடியிருக்க. இருபத்தெட்டு வருஷமா வாட்ச்ச கையில வச்சிக்கினு நிக்கறேன். ஷூ போட்டு, பால் குடிச்சி, முட்ட தின்னு ஓடுன பசங்கள்ல கூட இதுக்குக் கீழ வந்தவங்க நாலே பேரு. நாலு பேரையும் பேரு சொல்லவா?"

அம்மா உள்ளேயிருந்து சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டாள். இளவரசி கதவோரம் நின்றிருந்தாள்.

"அப்புறம் சொல்லு" என்றார் அப்பா. "இப்ப அந்த டைம இன்னொரு வாட்டி படி."